புரை எடுத்த பிறகு போடும் சொட்டு மருந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் கண்புரை பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கர்ப்ப காலத்தில் தாயைத் தாக்கும் ரூபெல்லா என்ற வைரஸ் காய்ச்சல் அதற்கு ஒரு காரணம் என்பதையும், ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்பதையும் நன்றாக விளக்கியிருந்தீர்கள். ஆனால் ஆபரேஷனோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. கண் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெற்றோருக்கு வேலை ஆரம்பிப்பதே அதற்கு அப்புறம்தான்.

பெரியவர்களைவிடக் குழந்தையின் கண்ணில் ஆபரேஷனுக்குப் பிந்தைய அழற்சி மிக அதிகம். கண்ணுக்குள் நூல் நூலாக ஃபைப்ரின் என்ற புரதம் படியும். கருவிழித் திரை பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்த இடமே மறுபடி மங்கிப்போகலாம். அதைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தருகிறார்கள். முதலில் அடிக்கடி போட்டு, பிறகு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். 'ஸ்டீராய்டு' என்ற பேரைக் கேட்டதுமே பயந்து, பாட்டிலைத் திறக்காமலே வைத்திருந்த வீடுகள் உண்டு. சிவப்பு போய்விட்டது, சரியாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தியவர்கள் அதைவிட அதிகம்.

மருந்து போடுவதே ஒரு போராட்டம். அழுது திமிறும் பிள்ளையைத் துண்டில் சுற்றி மல்லாக்கப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் பிரிக்கப் பார்க்க வேண்டாம். மூக்கோரக் கண்முனையில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தால், பிள்ளை கண் திறக்கும்போது உள்ளே போய்விடும். பிறகு அந்த முனையை மெல்ல ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலப்பது குறையும். கைக்குழந்தைக்கு இது ரொம்ப முக்கியம். வழக்கமாகத் தரும் பிரெட்னிசொலோன் அசிட்டேட் சொட்டு மருந்தில் மருந்துத்தூள் அடியில் தங்கும். நன்றாகக் குலுக்காமல் விட்டால் சொட்டில் மருந்து சரியான அளவில் இருக்காது. டைஃப்ளூப்ரெட்னேட் என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் இருக்கிறது. பால் போன்ற கலவை என்பதால் குலுக்கத் தேவையில்லை. வீரியமும் கூடுதல், அதனால் கண் பிரஷர், அதாவது கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம், ஏறுவதையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

நான் எழுத உட்கார்ந்தது முக்கியமாக இந்தப் பிரஷருக்காகத்தான். ஸ்டீராய்டு, கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறும் வழியை அடைக்கும். சில குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் பிரஷர் ஏறும். பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணில் நீர் வடியும், கருவிழி வெள்ளை பூத்தாற்போல மங்கும். கைக்குழந்தைக்குக் கண்ணே பெரிதாகும். "எவ்ளோ பெரிய கண்ணு!" என்று சொந்தக்காரர்கள் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள், உள்ளே பார்வை நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். மருந்தை மாற்றினாலோ குறைத்தாலோ பெரும்பாலும் பிரஷர் இறங்கிவிடும். ஆனால் அதை அளந்து பார்த்தால்தானே தெரியும்? பிள்ளை நன்றாக விளையாடுகிறது, எதற்கு பஸ் செலவு என்று செக்கப்பைத் தவிர்க்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பல வருடம் கழித்துக்கூட இந்தக் குழந்தைகளுக்குக் க்ளாக்கோமா, அதாவது பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய், வரலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

இன்னொரு கொடுமை, மிச்சம் வைத்த பாட்டில். சில மாதம் கழித்துக் கண் லேசாகச் சிவந்தாலும் அதையே எடுத்து விடுகிறார்கள். தீர்ந்துபோனால் காலி பாட்டிலைக் காட்டினாலே போதும், மெடிக்கல் ஷாப்பில் புதிது கிடைத்துவிடுகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. அலர்ஜியில் கண் அரிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்படியே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டு, பார்வை போன பிறகு கூட்டிவருகிறார்கள். கெட்டுப்போன பார்வை நரம்பு திரும்ப வராது.

மருத்துவமனைகளுக்கு என் வேண்டுகோள்: டிஸ்சார்ஜ் அன்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எந்த வாரம் எத்தனை வேளை, என்றைக்கு நிறுத்த வேண்டும், பிரஷர் பார்க்க என்றைக்கு வர வேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரே தாளில் கொடுங்கள். வீட்டில் மருந்து விடப்போவது பெரும்பாலும் பாட்டிதான். அவரையும் கூப்பிட்டு, ஒரு முறை அவர் கையாலேயே விட வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.