மிச்ச 85 சதவீதமும் பிள்ளையுடையதுதான்: கலிபோர்னியாவில் குழந்தைகளை நடிக்க வைக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி விட்டதும் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு பர்பேங்க்குக்கும் ஹாலிவுட்டுக்கும் ஆடிஷன் ஆடிஷனாக அலையும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வணக்கம்.

முதல் வேடம் கிடைத்ததும் ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வரும்: கூகன் கணக்கு திறந்தாயிற்றா? குழந்தை நடிகரின் சம்பளத்தில் ஒரு பங்கை 18 வயது வரை பூட்டி வைக்கும் கணக்கு அது. பல வீடுகளில் இதைப் பத்தோடு பதினொன்றாக ஒரு படிவம் என்று எண்ணி அவசரமாக முடித்துவிடுகிறார்கள். சம்பளத்தில் 15 சதவீதம் அந்தக் கணக்குக்குப் போகும், மிச்சம் நம் கைக்கு வரும், அதோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று நம்பிவிடுகிறார்கள். தீரவில்லை. மிச்சம் 85 சதவீதமும் பிள்ளையுடைய பணம்தான். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அது ஏன் அப்படிச் சொல்கிறது என்பது புரிய, அந்தக் கணக்குக்குப் பெயர் தந்த மனிதரின் வாழ்க்கையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஜாக்கி கூகன் 1914 அக்டோபர் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அப்பா மேடை நடனக் கலைஞர். லாஸ் ஏஞ்சலஸ் ஆர்ஃபியம் அரங்கில் அப்பாவோடு மேடையேறிய சிறுவனைச் சார்லி சாப்ளின் கண்டுகொண்டார். 1921-ல் வெளியான 'தி கிட்' அவனை உலகறிந்த முகமாக்கியது. பொம்மை, எழுதுபொருள், வேர்க்கடலை வெண்ணெய் என்று அவன் பெயரும் படமும் போட்டு விற்காத பொருள் இல்லை. 1924-ல், ஒன்பது வயதில், அருகாமைக் கிழக்கு நாடுகளின் அகதிக் குழந்தைகளுக்காக ஊர் ஊராகப் போய் நிவாரணம் திரட்டிக் கொடுத்தான். ரோமில் போப்பாண்டவரையே சந்தித்தான். அந்த வயதில் அவனுக்கு வீட்டில் கிடைத்த கைச்செலவு வாரம் 6.25 டாலர்.

1935 மே மாதம் சான் டியாகோ மாவட்டத்து மலைச்சாலையில் கார் விபத்து. அப்பாவும் நண்பரான இளம் நடிகர் ஜூனியர் டர்கினும் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். காரில் இருந்தவர்களில் பிழைத்தவர் ஜாக்கி ஒருவரே. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு 21 வயது நிறைந்தது. சிறுவயதில் அவர் ஈட்டியது 30 முதல் 40 லட்சம் டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கைக்கு வந்ததோ 1,000 டாலர். அம்மா லிலியன், குடும்பத்தின் வரவுசெலவைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டைனை மறுமணம் செய்துகொண்டார். 1938 ஏப்ரலில் ஜாக்கி அவர்கள் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தார். 21 வயதுக்கு முன் பிள்ளை சம்பாதிப்பது பெற்றோருக்கே சொந்தம் என்று அம்மா வாதிட்டார். அன்றைய கலிபோர்னியச் சட்டப்படி அந்த வாதத்தில் பிழையே இல்லை. இந்த வழக்கின் கொடுமை அதுதான். 1939-ல் சமரசமாக, மிஞ்சியிருந்த சுமார் 2,52,000 டாலரில் பாதியான 1,26,000 டாலர் அவருக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டே கூகன் சட்டம் வந்தது. ஆனால் அதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. வயது வராதவர் போட்ட ஒப்பந்தத்தை அவரே பின்னால் ரத்து செய்யலாம். அதைத் தடுக்க ஸ்டூடியோக்கள் நீதிமன்ற ஒப்புதல் வாங்கும். அப்படி ஒப்புதலுக்கு வந்த ஒப்பந்தங்களில் மட்டும், நீதிபதி விரும்பினால், நிகர வருமானத்தில் பாதி வரை ஒதுக்கி வைக்க உத்தரவிடலாம். அவ்வளவுதான். ஒரு நாள், ஒரு வாரம் என்று நடக்கும் விளம்பரத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் யார் நீதிமன்றம் போவார்கள்? பெரும்பாலான பிள்ளைகள் இந்தச் சட்டத்தின் நிழலுக்கே வரவில்லை. உத்தரவு இருந்த இடத்திலும் அதை மதிக்காத பெற்றோர் இருந்தார்கள். 32 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டிய குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள், பெரியவரான பிறகு கணக்குப் பார்த்தபோது மிஞ்சியது சுமார் 44,000 டாலர் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்னொரு குழந்தை நடிகர் கேரி கோல்மன் தன் பெற்றோர் மீது வழக்குப் போட்டு, 1993-ல் சுமார் 12.8 லட்சம் டாலருக்குத் தீர்ப்புப் பெற்றார்.

ஓட்டையை அடைக்க 60 ஆண்டு ஆயிற்று. முன்னாள் குழந்தை நடிகர் பால் பீட்டர்சன் 1990-ல் தொடங்கிய 'எ மைனர் கன்சிடரேஷன்' அமைப்பும் அமெரிக்க நடிகர் சங்கமும் விடாமல் முயன்றதில், 2000 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றம் போனாலும் போகாவிட்டாலும் மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதம் பூட்டிய கணக்குக்குப் போயாக வேண்டும். இன்னொன்றும் சேர்ந்தது. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை: நடிப்பு ஒப்பந்தத்தால் பிள்ளை ஈட்டும் வருமானம் முழுவதும் பிள்ளையின் தனிச்சொத்து. பெற்றோர் அந்தப் பணத்தின் பொறுப்பாளர்கள், உரிமையாளர்கள் அல்லர்.

நம் வீடுகளில் இதை ஏற்பது கொஞ்சம் கடினம்தான். பிள்ளை பணம், அப்பா பணம் என்று நாம் பிரித்துப் பார்த்துப் பழகியதில்லை. வீட்டுக்கடனும் தங்கையின் படிப்பும் ஒரே பையிலிருந்துதான் போகும். அந்த மனசு தவறானது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளை நடித்த பணத்தை அந்தப் பைக்குள் போடாதீர்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். கணக்கை வேடம் கிடைக்கும் முன்பே திறந்துவிடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானபின் சட்டம் தரும் அவகாசம் 7 வேலை நாள். வங்கியின் விவரம், கணக்கு எண், பிள்ளையின் பெயர், பொறுப்பாளர் பெயர் எல்லாம் அடங்கிய பொறுப்பாளர் அறிக்கையை 10 வேலை நாளுக்குள் தயாரிப்பு நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும். கலிபோர்னியாவில் உள்ள வங்கியோ கிரெடிட் யூனியனோ தரகு நிறுவனமோ ஆக இருக்க வேண்டும். எல்லா வங்கியும் இந்தக் கணக்கைத் தருவதில்லை. முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி எண், உங்கள் அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

தவறு நடப்பது கவுன்டரில்தான். ஊழியருக்கு விவரம் தெரியாவிட்டால் சாதாரண சிறுவர் சேமிப்புக் கணக்கையோ, யுடிஎம்ஏ என்ற, பெற்றோர் காப்பாளராக இருந்து பிள்ளை பெயரில் நிர்வகிக்கும் கணக்கையோ திறந்து கொடுத்துவிடுவார். அவற்றிலிருந்து பெரியவர் பணம் எடுக்கலாம். கூகன் கணக்கிலிருந்து 18 வயது வரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் ஒரு காசு எடுக்க முடியாது. எழுந்து வருவதற்கு முன், கணக்கின் தலைப்பில் கூகன் சட்டத்தின் கீழான பூட்டிய அறக்கட்டளைக் கணக்கு என்று இருக்கிறதா என்று காகிதத்தில் பாருங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

அறிக்கையைக் கொடுக்க மறந்தால் என்ன ஆகும்? 180 நாள் பொறுத்துவிட்டு, அந்த 15 சதவீதத்தை நிறுவனம் 'ஆக்டர்ஸ் ஃபண்ட்' அமைப்புக்கு அனுப்பிவிட வேண்டும். அது இன்று 'என்டர்டெயின்மென்ட் கம்யூனிட்டி ஃபண்ட்' என்ற பெயரில் இயங்குகிறது. உரியவரைத் தேடிக் கொடுப்பது அவர்கள் வேலை. முகவரி மாறிய குடும்பத்தை எங்கே என்று தேடுவார்கள்? ஒவ்வொரு பே ஸ்டப்பிலும் (சம்பளச் சீட்டிலும்) பிடித்த தொகை கூகன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் வந்து சேர்ந்ததா என்று மாதம் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். இன்னொன்று: கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களான குழந்தைகளுக்கு இந்தக் கட்டாயப் பிடித்தம் இல்லை. அந்தப் பணத்தை நீங்களாகவே ஒதுக்கினால்தான் உண்டு.

இப்போது 10,000 டாலர் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 15 சதவீதம், 1,500 டாலர், கூகன் கணக்குக்கு. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், 1,000. மேனேஜர் இருந்து அவர் 15 சதவீதம் வாங்கினால் இன்னொரு 1,500. ஆக 6,000 மிஞ்சுகிறது. ஆனால் வருமானமாகக் கணக்கில் வருவது 10,000 முழுவதும். தொட முடியாத அந்த 1,500 உட்பட. அதற்கான வரியையும் இந்த 6,000-லிருந்துதான் கட்ட வேண்டும். பல குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஷூட்டிங் முடிந்த மகிழ்ச்சியில் செலவழித்துவிட்டு, ஏப்ரலில் வரி கட்டக் கடன் வாங்குகிறார்கள். பிள்ளை பெயரில் வரிக்கணக்குத் தாக்கல் செய்வதும் கமிஷன்களைத் தீர்ப்பதும் பொறுப்பாளராகிய உங்கள் சட்டக் கடமை.

ஆகவே இரண்டாவது கணக்கு ஒன்று பிள்ளை பெயரில் வேண்டும். மிச்சப் பணம் எல்லாம் நேராக அதற்குள் போகட்டும். ஏஜென்ட், மேனேஜர், வரி, ஆடிஷனுக்கான முகப் புகைப்படம் (ஹெட்ஷாட்) எடுத்த செலவு, பயிற்சி வகுப்பு எல்லாம் அதிலிருந்தே போகட்டும். ஒவ்வொன்றுக்கும் ரசீதும், தேதியோடு ஒரு வரிக் குறிப்பும் இருக்கட்டும். வீட்டு வாடகையும் மளிகையும் உங்கள் சம்பளத்திலிருந்து. பிள்ளையின் வேலைக்காக ஒருவர் வேலையை விட வேண்டி வந்து, அதற்கு ஈடாக ஏதாவது எடுத்தே ஆக வேண்டும் என்றால், குடும்பச் சட்டமும் வரியும் தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வையுங்கள். பின்னால் நியாயம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அது கூகன் வீட்டு வழக்காகத்தான் முடியும்.

பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை. கலிபோர்னியாவில் ஏஜென்ட்டுக்குத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தின் உரிமம் வேண்டும். ஆடிஷனுக்கோ வேலைக்கோ ஏற்பாடு செய்வதாகச் சொல்லி முன்பணம் வாங்குவது 2010 முதல் சட்டவிரோதம். வேலை கிடைத்தபின் கமிஷன், அதுதான் முறை.

வேலை நேரத்தை மனப்பாடமாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2 முதல் 6 வயது வரை செட்டில் இருக்கக்கூடியது 6 மணி நேரம், அதில் வேலை 3. 6 முதல் 9 வரை பள்ளி நாளில் 8 மணி நேரம்: வேலை 4, படிப்பு 3, ஓய்வு 1. 9 முதல் 16 வரை 9 மணி நேரம், வேலை 5. கைக்குழந்தை என்றால் பிறந்து 15 நாள் ஆகியிருக்க வேண்டும். ஆறு மாதம் வரை 2 மணி நேரத்துக்கு மேல் இடத்தில் வைக்கக் கூடாது, அதில் வேலை 20 நிமிடமே, பலத்த விளக்கு வெளிச்சம் ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் கூடாது. ஒரு நாள் முடிந்து மறுநாள் அழைப்புக்கு இடையில் 12 மணி நேரம் வேண்டும். 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ காப்பாளரோ பார்வையிலோ கேட்கும் தூரத்திலோ இருந்தாக வேண்டும்.

செட்டில் உங்களுக்குப் பெரும் துணை ஸ்டூடியோ டீச்சர். அவர் பாடம் மட்டும் நடத்துபவரல்லர். பிள்ளையின் உடல்நலம், பாதுகாப்பு, ஒழுக்கம் மூன்றும் அவர் பொறுப்பு. ஆபத்து என்று பட்டால் பிள்ளையைச் செட்டிலிருந்து வெளியே அழைத்துப் போக அவருக்கு அதிகாரம் உண்டு. இயக்குநர் 'இன்னும் ஒரே ஒரு ஷாட்' என்று கெஞ்சும்போது அம்மாவுக்கு மறுக்கத் தயக்கமாக இருக்கும். அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்களோ என்ற பயம். அந்த 'முடியாது' என்பதை டீச்சர் சொல்லட்டும். முதல் நாள் காலையிலேயே அவரிடம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

பிள்ளை நடிக்க மாநிலம் தரும் வொர்க் பெர்மிட் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், கட்டணம் இல்லை. பள்ளியின் கையெழுத்து வேண்டும் என்பதால் கோடை விடுமுறையில் புதுப்பிக்கப் போனால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. மே மாதத்திலேயே வாங்கி வையுங்கள். 50 டாலருக்கு இணையத்தில் கிடைக்கும் 10 நாள் தற்காலிகப் பெர்மிட் ஒரு பிள்ளைக்கு ஒரே முறைதான். நியூயார்க்கில் படப்பிடிப்பு என்றால் அந்த மாநிலத்துப் பெர்மிட் தனி. 1938-ன் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் குழந்தை நடிகர்களை விட்டுவிட்டதால், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது.

எச்1பி விசாவில் இருக்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. எச்4 விசாவில் (எச்1பி ஊழியரைச் சார்ந்தவருக்கான விசா) உள்ள பிள்ளை அமெரிக்காவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. மாநிலப் பெர்மிட் கையில் இருந்தாலும் அது குடியேற்ற அனுமதியாகாது. ஆடிஷனுக்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். பிள்ளை தேர்வான பிறகு இதை அறிவது குழந்தைக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

வீட்டிலேயே பிள்ளைகளை வைத்து வீடியோ போட்டுச் சம்பாதிப்பவர்களும் 2025 முதல் கலிபோர்னியாவில் இந்த வேலிக்குள் வந்துவிட்டார்கள். வருமானம் வரும் வீடியோக்களில் 30 சதவீதத்திலாவது பிள்ளை தோன்றினால், அதற்கேற்ற பங்கை அறக்கட்டளைக் கணக்கில் ஒதுக்க வேண்டும், பதிவேடும் வைக்க வேண்டும்.

ஜாக்கி கூகன் விழுந்துவிடவில்லை. போருக்குப் போனார், 1944 மார்ச்சில் அசாமிலிருந்து பர்மா காட்டுக்குள் இரவில் படையினரை ஏற்றிச் சென்ற கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) விமானிகளில் அவரும் ஒருவர். 1964 முதல் 1966 வரை 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' தொலைக்காட்சித் தொடரில் அங்கிள் ஃபெஸ்டராக ஒரு புதிய தலைமுறையைச் சிரிக்க வைத்தார். 1984-ல் இறக்கும்வரை உழைத்துத்தான் வாழ்ந்தார். சிறுவயதில் ஒருமுறை ஈட்டிய வாழ்வை அவர் மறுபடி முதலிலிருந்து ஈட்ட வேண்டியிருந்தது.

பிள்ளைக்கு 18 நிறைந்ததும், சான்றளித்த பிறப்புச் சான்றிதழ் நகலோடு வங்கிக்குப் போனால் கூகன் கணக்கின் பூட்டு திறக்கும். அன்று இரண்டாவது கணக்கையும் ரசீதுக் கோப்பையும் சேர்த்தே ஒப்படையுங்கள். நீங்களே சிறுவயதில் நடித்தவர் என்றால், அல்லது உங்கள் மூத்த பிள்ளை பல ஆண்டுகளுக்கு முன் ஒன்றிரண்டு விளம்பரத்தில் வந்திருந்தால், என்டர்டெயின்மென்ட் கம்யூனிட்டி ஃபண்டிடம் பெயரைச் சொல்லி உரிமை கோராத பணம் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
குழந்தை நடிகர்களின் நலனில் அக்கறை கொண்டவர்கள்