திருக்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள், உபயதாரர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் கோயில் திருக்குளத்தில் வேலை முடிந்து, ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டோம். குளத்தில் தண்ணீர் நிற்கிறது. ஐப்பசியில் நிரம்பியது பங்குனி வரை தாங்கியிருக்கிறது. மாசி மகத்தன்று சுவாமி தெப்பம் ஏறியதை நீங்களே பார்த்தீர்கள். வரவு செலவுக் கணக்கு, தணிக்கையாளர் கையெழுத்துடன் அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. இந்த அறிக்கை, செய்த வேலைகளை ஏன் அப்படிச் செய்தோம் என்று சொல்வதற்காக. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் களிமண்ணுக்கும் மண் வேலைக்கும் போயிருப்பதைப் பார்த்துப் பலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்.

முதலில் வந்த யோசனை தரை முழுக்கக் கான்கிரீட் போடுவது. குழுவிலேயே பாதிப் பேர் அதற்கு ஆதரவு. வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம், அடைமழையில் குளத்துக்கு வெளியே நிலத்தடி நீர் ஏறும்போது, அது அடியிலிருந்து தரையை மேலே தள்ளும். குளம் காலியாக இருக்கும் நேரத்தில் அந்தத் தள்ளலைத் தாங்க மேலே எடை இராது. கான்கிரீட் ஒரு தடவை விரிசல் விட்டால் விட்டதுதான். களிமண் அப்படியல்ல, நனைந்தால் ஊதி, சிறு விரிசலைத் தானே மூடிக்கொள்ளும்.

நம் ஊர்ச் செம்மண் முந்திரிக்கும் பலாவுக்கும் நல்ல மண். தண்ணீரைத் தேக்க உதவாது. ஆனால் சேற்றுழவு செய்த நெல்வயலில் தண்ணீர் நிற்பது எல்லாருக்கும் தெரியும். அதே வித்தைதான் இங்கும். ஏரிக் களிமண்ணைப் பரப்பி, நீர் விட்டு, மாடுகளை விட்டு மிதித்து, ஒன்றரை அடிக்குக் கெட்டித்தோம். மணலைவிடக் களிமண்ணுக்குள்தான் தண்ணீர் அதிகம் இருக்கும் என்றால் நம்ப முடிகிறதா? மண்ணின் கன அளவில் பாதி கூடத் தண்ணீராக இருக்கலாம். ஆனால் விடாது. வைத்திருப்பது வேறு, விடுவது வேறு. மணலுக்குள் மீட்டர் கணக்கில் இறங்கும் நீர், நன்றாக மிதித்த களிமண்ணில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம்.

அது ஏன் என்று, வேதியியலில் ஆராய்ச்சி செய்யும் நம் ஊர்ப் பெண் ஒருவர் மண்டபத்தில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். களிமண் என்பது அப்பளக் கட்டு மாதிரி அடுக்கிய மிகமிக மெல்லிய தகடுகள். தகடுக்கும் தகடுக்கும் நடுவே ஒரு நானோமீட்டரையொட்டிய இடுக்கு. நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தண்ணீர் மூலக்கூறு ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய 0.28 நானோமீட்டர். ஆக அந்த இடுக்கில் இரண்டு மூன்று வரிசை நீருக்குத்தான் இடம். அந்த வரிசைகளும் தகடுகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஓடாது. இப்படி அடைபட்ட நீர் குடத்து நீரைப் போல நடப்பதில்லையாம். 2018இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதை அளந்திருக்கிறார்கள். நீரின் மின்காப்பு மாறிலி, அதாவது மின்விசையை நீர் எத்தனை மடங்கு தணிக்கிறது என்ற எண், வெளியே 80 என்றால், ஒரு நானோமீட்டர் இடுக்கின் குறுக்கே அது 2 அளவுக்கு இறங்கிவிடுகிறது. உப்பு, நீரில் கரைவதற்கு முக்கியமான குணம் அது. நாம் தினமும் மிதித்து நடக்கும் சேற்றுக்குள் இப்படியொரு வேறு நீர் இருக்கிறது என்பது எங்களுக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

இதைக் கேட்டும் ஒரு தவறு செய்தோம். அதைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் தடவை களிமண் போட்டது சித்திரையில். மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். அக்னி நட்சத்திரம் பிறந்து பத்தாம் நாள் போய்ப் பார்த்தால், குளத்தின் தரை முழுவதும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரை போயிற்று. விளிம்புகள் ஓடு மாதிரி மேல்நோக்கிச் சுருண்டிருந்தன, தொட்டால் நகம் கீறியது. தகடுகளுக்கு நடுவில் இருந்த நீர் வெயிலில் போக, தகடுகள் நெருங்கி, மொத்தத் தரையும் சுருங்கிவிட்டது. காயவிடாமல் தினமும் நீர் தெளித்திருக்க வேண்டும். குழு அதைக் கவனிக்கவில்லை. மறுபடி உழுது, நனைத்து, மிதித்தோம். இந்தத் தடவை மேலே அரையடி மணல் போர்த்தினோம், வெயில் களிமண்ணில் நேரடியாக விழாதபடி. செலவு கூடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிதிக்க மாடுகளைக் கூலி வாங்காமல் இரண்டாம் முறையும் அனுப்பிய கீழத்தெருக்காரர்களுக்குக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

அப்புறம் படிக்கட்டும் மதிலும். முந்தைய பழுதுபார்ப்பில் பூசிய சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டோம். தலைமுடிக் கனமுள்ள குழாயில் தண்ணீர் தானாகவே ஓரடி வரை ஏறும். செங்கல்லில் இருப்பவை அதையும்விடச் சன்னமான துளைகள். மதிலில் ஏறும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லையே மாவாக்கியிருந்தது. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. இப்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புக் காரை. ஈரம் ஏறும், ஆனால் காற்றில் போய்விடும்.

தூர் வாரும்போது தரையில் இரண்டு பழைய உறைகிணறுகள் கிடைத்தன. சுட்ட மண் உறைகள், அத்தனை வருடம் சேற்றுக்குள் கிடந்தும் ஒன்றிரண்டுதான் உடைந்திருந்தன. மூடிவிடலாம் என்றார்கள் சிலர். மூடவில்லை. வாயைத் தரையிலிருந்து நாலரை அடிக்கு உயர்த்திக் கட்டி, உள்ளே ஜல்லி, கரி, மணல் நிரப்பியிருக்கிறோம். தெப்பம் மிதக்க நாலடி போதும். நாலரை அடிக்கு மேல் வரும் நீர் இந்தக் கிணறுகள் வழியே கீழே இறங்கும். தேங்கவும் வேண்டும், இறங்கவும் வேண்டும் என்ற இரண்டு கட்சியும் இதில் சமாதானமாயின. சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் இந்தக் கோடையில் தண்ணீர் கொஞ்சம் மேலேயே நிற்கிறது என்கிறார்கள். ஒரு வருடத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டோம்.

நந்தவனத்து ஊற்றுக் குழாயைப் பற்றி மூத்த உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மோட்டார் இல்லாமல் இரவும் பகலும் தானாகக் கொட்டிய குழாய் அது. அபிஷேகத்துக்கு அங்கேதான் குடம் பிடிப்பார்கள். குளத்தை நிரப்பினால் அதுவும் திரும்ப வருமா என்று கேட்டார்கள். வராது. வருத்தத்தோடுதான் சொல்கிறோம்.

அந்த நீர் வேறு. நம் வட்டாரத்துக்கு அடியில் ஆழத்தில் கிடக்கும் கடலூர் மணற்பாறை என்ற அடுக்குக்குள், மேலே களிமண் அடுக்கு மூடி அழுத்தி வைத்த நீர் அது. மேற்கே நிலம் உயர்ந்த பக்கம் மணல் வெளியே தெரியும் இடத்தில் பெய்த மழை, உள்ளே இறங்கிச் சரிவில் நம் பக்கம் வந்து களிமண்ணுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. மாடித் தொட்டிக்குக் கீழே குழாய் திறந்த மாதிரி, களிமண்ணைத் துளைத்தால் நீர் எழும்பும். அந்த அழுத்தம் எவ்வளவு என்பது பக்கத்து நெய்வேலியில் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோதுதான் நிலக்கரி கண்ணில் பட்டது. அந்தப் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். சுற்று வட்டாரம் முழுக்க ஆழ்குழாய்கள் பெருகப் பெருக, நம் குழாயில் கொட்டியது சொட்டி, பிறகு நின்றது. நம் உறைகிணறுகள் மேல் மணலோடு முடிந்துவிடுகின்றன. களிமண் மூடியைத் தாண்டுவதில்லை. மேற்கே பெய்யும் மழையும் அந்த ஆழத்து மணற்பாறைக்குள் பக்கவாட்டில் வருடத்துக்குச் சில மீட்டர்தான் நகரும்.

எழுநூறு அடிக்கு ஆழ்குழாய் போட்டு அதே நீரை மோட்டாரில் இறைத்துக் குளத்தை நிரப்பலாம் என்று பொதுக்கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நன்கொடை தரவும் ஒருவர் முன்வந்தார். சரி, தெப்பத்துக்கு அது சுலபமான வழிதான். ஆனாலும் குழு ஒருமனதாக மறுத்தது. மழை நீரில் நிற்கும் அளவுக்குத்தான் தெப்பம் என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். மண்டபக் கூரை நீரும் வரத்துக்கால்வாயும் இப்போது குளத்துக்குத் திருப்பிவிடப்பட்டுள்ளன. ஊற்றுக் குழாயை அப்படியே விட்டு, சுற்றிலும் சிறு மேடை கட்டியிருக்கிறோம்.

மிச்சமிருப்பது: வரத்துக்கால்வாயில் மேலத்தெரு முனையில் பத்தடி கரை வேலை, ஆடிக்குள் முடியும். குளம் வற்றும் மாதங்களில் தரை மணல் ஈரமாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும். காய்ந்தால் உடனே தெளிக்க வேண்டும். ஒவ்வோர் அமாவாசையும் எத்தனையாவது படியில் தண்ணீர் நிற்கிறது என்று எழுத ஒரு நோட்டு காவலரிடம் இருக்கிறது. இரண்டு வேலைக்கும் முறை போட்டுக்கொள்ள விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்