ஐந்தே நாளில் கல்யாண வீட்டுக்குப் போகலாமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் பெண்கள் பக்கத்தில், தொங்கும் முகத்தைத் தூக்கித் தைக்கிற டீப் பிளேன் ஃபேஸ்லிஃப்ட் சத்திரசிகிச்சை பற்றி வந்த கட்டுரையைத் தேத்தண்ணீரும் கையுமாக வாசித்துக்கொண்டிருந்தேன். "ஐந்தே நாளில் கல்யாண வீட்டுக்கே போகலாம்" என்ற வரி வந்ததும் புரையேறிவிட்டது. ஐந்தாம் நாள் நான் இருந்த கோலத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இருந்து எழும்பியிருப்பார்கள்.

ஆமாம், நான் செய்துகொண்டவள். வயது 61, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். செய்தது சென்னையில், ஏனென்றால் என் மச்சாள் 83 கலவரத்துக்குப் பிறகு அங்கே போய் அங்கேயே இருந்துவிட்டவர், தங்க வீடும் இருந்தது, பார்க்க ஆளும் இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் என் கணவர், மகள், மச்சாள், அவ்வளவுதான். எங்கள் தொடர்மாடியில் மற்ற எல்லோருக்கும் நான் சிதம்பரம், திருவண்ணாமலை என்று கோயில் கோயிலாகப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்து, "சாமி கும்பிட்ட களை முகத்தில தெரியுது" என்றார். அவருக்கு விபூதியும் கொடுத்தேன், பாவம்.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அது ஏதோ விளம்பரத்தைப் பார்த்து எழுதியது போல இருந்தது. "புத்தம் புதிய முறை" என்று வேறு. இதில் புதுசு ஒன்றுமில்லை. தோலை அதற்குக் கீழே உள்ள படலத்தோடு சேர்த்துத் தூக்குவது பற்றி சுவீடனைச் சேர்ந்த டோர்ட் ஸ்கூக் என்ற நிபுணர் 1974இலேயே எழுதிவிட்டார். அந்தப் படலத்தை 1976இல் இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள் விபரித்து 'ஸ்மாஸ்' என்று பெயரிட்டார்கள். டீப் பிளேன் என்ற பெயரை 1990இல் வைத்தவர் அமெரிக்காவில் டலஸ் நகரத்துச் சாம் ஹம்ரா. நான் வங்கிக்காரி, முழுக்க வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன், அதனால் இதெல்லாம் போவதற்கு முன்பே தெரியும். எது தெரியாமல் போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முந்தி செய்தது, தோலை மட்டும் காதுப் பக்கமாக இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைப்பது. சில பேருடைய முகம் மோட்டார் சைக்கிளில் எதிர்க்காற்றுக்குப் போகிறவர் முகம் மாதிரி இருக்கிறதே, அது அந்த இழுவைதான். சேலை கட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். உள்பாவாடை நாடா தளர்ந்திருந்தால் மேலே தலைப்பை எவ்வளவு இழுத்து ஊசி குத்தினாலும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் கீழே வந்துவிடும், இல்லையா? டீப் பிளேனில் நாடாவை இறுக்குகிறார்கள். ஸ்மாஸ் படலத்துக்குக் கீழே போய், கன்ன எலும்போடும் தாடைத் தசையோடும் அதைப் பிடித்துவைத்திருக்கிற நார்களை விடுவித்து, தோல், கொழுப்பு, படலம் எல்லாவற்றையும் ஒன்றாகவே மேலே தூக்கித் தைக்கிறார்கள். பாரத்தைப் படலம் தாங்குவதால் தோலை இழுக்காமலே மூடலாம். அதே படலம்தான் கீழே போய்க் கழுத்துத் தசையாகத் தொடர்கிறது என்பதால் கழுத்தும் சேர்ந்து திருந்தும். எனக்கு முழு மயக்கத்தில் நாலரை மணித்தியாலம் எடுத்தது.

சரி, நல்ல விஷயம்தான். ஆனால் முகத்தை அசைக்கிற நரம்பின் கிளைகளும் அந்த ஆழத்தில்தான் ஓடுகின்றன. அதில் ஒன்று நசுங்கினாலோ இழுபட்டாலோ சிரிப்பு ஒரு பக்கம் கோணும், அல்லது ஒரு புருவம் எழும்பாது. பெரும்பாலும் சில கிழமைகளில், சில மாதங்களில் திரும்பிவிடும். அப்படியே நின்றுவிடுவது அரிது, அரிது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. மற்ற முறைகளைவிட இதுதான் எப்போதும் மேல் என்பதிலும் நிபுணர்கள் எல்லோரும் ஒரே பேச்சில் இல்லை. எந்த முறை என்று கேட்பதற்கு முன், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் காட்டமுடியுமா என்று கேளுங்கள்.

இனி, நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணம்.

என்னென்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று வைத்தியர் கேட்டார். பிரஷர் குளிசையைச் சொன்னேன். கனடாவில் இருந்து தங்கச்சி அனுப்புகிற மீன் எண்ணெய்க் குளிசையையும் வைட்டமின் ஈயையும் சொல்லவில்லை. ஒளிக்கவேண்டும் என்றில்லை, அதெல்லாம் மருந்து என்று எனக்குத் தோன்றவேயில்லை, பிஸ்கட் சாப்பிட்டதை யாராவது வைத்தியரிடம் சொல்வார்களா? ஆனால் அஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, உள்ளிக் குளிசை இவையெல்லாம் இரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும் என்று கிட்டத்தட்ட இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காக எழுதிக் கொடுத்த அஸ்பிரின் என்றால் தன்பாட்டில் நிறுத்திவிடக் கூடாது, அதை எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

மயக்கம் தெளிந்ததும் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். தலையைச் சுற்றிக் கட்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும் இரத்தம் வடிய மெல்லிய குழாய். நோ நான் பயந்த அளவுக்கு இல்லை. இரவு பத்தரை மணி போல இடப்பக்கம் இறுகுவது மாதிரி இருந்தது, கட்டுத்தான் இறுக்கம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மச்சாள் மூடவில்லை. கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழும்பி வந்து, "மச்சாள், இடப்பக்கம் வரவர வீங்குது, இது சரியில்லை, நான் நேர்சைக் கூப்பிடுறன்" என்றார். அரை மணித்தியாலத்துக்குள் மறுபடியும் ஒப்பரேஷன் தியேட்டர்.

தோலுக்குக் கீழே இரத்தம் கட்டியிருந்தது. தையலைத் திறந்து, கட்டியதை எடுத்து, கசிந்த இடத்தை அடைத்து மூடினார்கள். ஹெமடோமா என்பார்கள். ஃபேஸ்லிஃப்டில் கூடுதலாக வருகிற சிக்கலே இதுதான், பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும், பிரஷர் உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் ஆபத்து அதிகம். பார்க்காமல் விட்டால் மேலே உள்ள தோலுக்கு இரத்தம் போகாமல் தோலே செத்துப்போகலாம், கழுத்தில் பெரிதாகக் கட்டினால் மூச்சுக்கே கேடு. மீன் எண்ணெய் காரணமா, சத்தி எடுத்தபோது பிரஷர் ஏறியது காரணமா என்று வைத்தியர் அடித்துச் சொல்லவில்லை. "சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார்.

எனக்குத் தெரிந்த இன்னொருவர், கொழும்பில் நல்ல வேலையில் இருப்பவர், வேறொரு நாட்டில் இதைச் செய்துவிட்டு முதல் இரவை ஹோட்டல் அறையில் தனியே கழித்தார். கணவரிடம் அலுவலகப் பயிற்சி என்று சொல்லியிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அவருடைய அதிர்ஷ்டம். இங்கே நாங்கள் பிள்ளைக்குப் பல்லுக்குக் கம்பி போட்டதை ஊரெல்லாம் சொல்வோம், தலைக்குச் சாயம் பூசியதைச் சொல்வோம், இதை மட்டும் களவு மாதிரிச் செய்கிறோம். செய்யுங்கள், செய்யாதீர்கள், அது உங்கள் முகம். ஆனால் ஒரு ஆளுக்காவது சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அந்த ஆள் முதல் இரவு தூங்காமல் இருந்து இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்க்கிறவராக இருக்கட்டும்.

அப்புறம் அந்த ஐந்து நாள் கதை. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். ஐந்தாம் நாள் என் முகம் பழுத்த பப்பாப்பழம், கன்றிய நிறம் நாவலில் இருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறி மெல்ல மெல்லக் கழுத்து வழியாக நெஞ்சுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வாயைப் பெரிதாகத் திறக்க முடியாது, சொதியில் ஊறவைத்த இடியப்பமும் குழைசாதமும்தான். இரண்டு கிழமை தலையை உயர்த்தி வைத்து மல்லாந்து படுக்க வேண்டும், குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. காதுக்கு முன்னால் உள்ள தையல் ஏழாம் நாள் எடுத்தார்கள், தலைமுடிக்குள் போட்ட கிளிப் பத்தாம் நாள். பத்தாம் பன்னிரண்டாம் நாள் போல ஒரு காரணமுமில்லாமல் அழுகை வந்தது, ஏன்தான் இதற்குள் வந்து மாட்டினேனோ என்று. நிறையப் பேருக்கு அப்படி வருமாம், அதையும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாம் கிழமைதான் பிளேன் ஏறினேன். ஒரு மாதத்துக்கு மேல் தலைக்குச் சாயம் பூச விடவில்லை, ஆக முகம் பத்து வயது குறைந்து தலை பத்து வயது கூடிப்போய் ஒரு விநோதமான பிறவியாக இருந்தேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு வினோதமாக இருந்தது காது. கன்னமும் காதுச்சோணையும் விறைத்துவிட்டன. தோடு போடும்போது சுரை ஏறியதா இல்லையா என்று விரலுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது, ஒரு தோட்டை அப்படியே மரைன் டிரைவில் எங்கோ தொலைத்தேன். கன்னத்தின் விறைப்பு மூன்று நாலு மாதத்தில் போய்விட்டது, சோணைக்கு உணர்ச்சி வர எட்டு மாதம். காதுக்குப் போகிற நரம்புதான் இந்தச் சத்திரசிகிச்சையில் அதிகம் அடிபடுகிறதாம்.

தழும்பு பற்றி எங்கள் நிறத்துக்காரர் கொஞ்சம் கூடக் கேட்க வேண்டும். வெட்டு, நெற்றிப்பொட்டில் தொடங்கிக் காதின் முன் மடிப்போடு வந்து, சோணையைச் சுற்றிப் பின்னால் முடிக்குள் போகும். கெட்டிக்காரக் கை என்றால் பிறகு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் மாநிறத் தோலில் கருமை படிவதும், தழும்பு தடித்துக் கெலோய்ட் ஆவதும் வெள்ளைத் தோலைவிட அதிகம். காது குத்திய இடத்தில், ஊசி போட்ட இடத்தில் உங்களுக்கு முன்பே தடிப்பு வந்திருந்தால் அதை முதல் நாளே காட்டுங்கள். மாதக்கணக்கில் வெயில் படாமல் பார்க்க வேண்டும், கொழும்பு வெயிலில் அது லேசில்லை, குடையும் தொப்பியுமாகத் திரிந்தேன். தழும்பு ஆறி வெளிற ஒரு வருடம் எடுக்கும். சிகரெட் குடிக்கிறவர்கள் குறைந்தது நாலு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும், பின்னும் தொடக்கூடாது, நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கினால் தூக்கித் தைத்த தோல் பிழைக்காது. சத்திரசிகிச்சைக்கு வரும் ஆண்கள் இதைக் கட்டாயம் வாசிக்கட்டும். தாடி வளரும் தோல் காதுப் பக்கம் நகர்வதால் பிறகு காது ஓரத்திலும் சவரம் செய்ய வேண்டி வரலாம், அது வேறு.

எது மாறாது என்றால், கண்ணிமை மாறாது, நெற்றி மாறாது, மேலுதட்டுக்கு மேலே உள்ள மெல்லிய கோடுகள் மாறாது, தோலின் கருமை மாறாது. எனக்குத் தாடைக்குக் கீழே தொங்கிய சதை போய்விட்டது, காணாமல் போன கழுத்து திரும்பி வந்தது மாதிரி இருக்கிறது, எனக்குத் திருப்தி. 2025இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிரிஸ் ஜென்னரின் முகத்தைப் பார்த்து எல்லோரும் இதைத் தேடத் தொடங்கினார்கள், ஆனால் அவரே பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு தரம் செய்து, மறுபடி செய்ததாகச் சொன்னவர். பத்துப் பதினைந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள்ளும் வயது நிற்கப் போவதில்லை.

கொழும்பில் செய்ய நினைப்பவர்கள், செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த வைத்தியரா, அதற்கு மேல் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் நிபுணரா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. தனியார் வைத்திய நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சலூன் மாடியில் நூல் போட்டு இழுப்பதையும் ஃபேஸ்லிஃப்ட் என்றே விளம்பரம் செய்கிறார்கள், அது வேறு விஷயம். விலை சொல்லும்போது மயக்க மருந்து வைத்தியரின் கட்டணம், முதல் இரவுக் கட்டில், என்னைப் போலத் திரும்பத் தியேட்டருக்குப் போனால் அதற்கான செலவு, எல்லாம் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் மாமா ஒருவர், செய்தி தெரிந்திருந்தால், "பெரியாஸ்பத்திரியில சும்மா செய்விச்சிருக்கலாமே" என்றிருப்பார். அங்கே பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவினர் எரிகாயத்தோடும் விபத்தோடும் மல்லுக்கட்டுகிறார்கள், என் தாடை அவர்களுக்கு எதற்கு.

அடுத்த ஞாயிறு அந்த ஐந்து நாளை மட்டுமாவது திருத்திப் போடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். ஒளிக்காதே என்று இவ்வளவு எழுதிவிட்டுப் பெயரை ஒளிக்கிறாளே என்று சிரிப்பீர்கள், சிரியுங்கள். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம், பக்கத்து வீட்டு அக்காவும் உங்கள் பேப்பர்தான் எடுக்கிறார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி