கோணி ஊசிக்கும் சைக்கிள் டியூப்புக்கும் நன்றி

கூடலூர் ஆற்றோரத்து அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம்.

வெள்ளத்தில் தண்ணீரும் கரண்டும் நின்றுபோனதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாண்டியாறு கரைக்குள் இறங்கிவிட்டது, குழாயில் தண்ணீர் வருகிறது. ஈரம் காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தோம்.

தோட்டத்து மேல்லைன் வீட்டு ஐயாவுக்குத்தான் முதல் கும்பிடு. தேயிலை ஃபேக்டரியில் பிட்டராக இருந்தவர். யாரும் கூப்பிடவில்லை. ஒரு கோணி ஊசியும் பழைய சைக்கிள் டியூப்பும் எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் ஏறிவிட்டார். ஓடையில் தண்ணீர் நிறைய, அங்கிருந்து எங்கள் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஓஸில் உடைப்பில்லை, தொட்டியில் மட்டும் சொட்டுகூட விழவில்லை. அடைப்புதான் என்று ஓஸை அங்கங்கே அறுக்க நாங்கள் கத்தி எடுத்தாயிற்று. உள்ளே காற்று நிற்கிறது, அறுக்காதீர்கள் என்று தடுத்தவர் அவர்தான்.

ஓஸ் வடிந்து மறுபடி நிறையும்போது, மேடேறி இறங்குகிற இடத்தில் காற்று மாட்டிக்கொள்ளும். பத்து மீட்டர் இறக்கத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். வழியில் இரண்டு மூன்று மேடு இருந்தால் அந்தப் பலம் அங்கேயே செலவாகிவிடும். ஐயா தொட்டிப் பக்கத்து வால்வைப் பாதி மட்டும் திறந்து வைக்கச் சொன்னார். முழுக்கத் திறந்தால் தண்ணீர் கீழே வேகமாக ஓடி, மேட்டில் அழுத்தம் குறைந்து, போடுகிற ஓட்டை வழியே காற்று உள்ளே போகும். பிறகு ஓடையிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு மேடாக வந்தார். மேட்டின் உச்சியில் ஊசியால் ஒரு குத்து. உஸ்ஸென்று காற்று போய், இடையில் விட்டுவிட்டுத் துப்பாமல் தண்ணீர் ஒரே சீராகப் பீய்ச்சியதும், இரண்டு விரல் அகல டியூப் துண்டை நன்றாக இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சு. கீழ் மேட்டில் தொடங்கினால் பாதி வேலை வீண். மேலே நிற்கிற காற்று தண்ணீரை விடவே விடாது.

போகும்போது ஓஸின் ஓடைமுனையையும் திருத்திக் கொடுத்தார். இரண்டடி நீள நாலு இஞ்ச் பிவிசி துண்டு, சுற்றிலும் சின்னச் சின்ன துளை, மேலே கொசுவலை இரண்டு மடிப்பு. அதைத் தரையில் கிடத்தாமல் கல்மேல் ஒரு சாண் உயரத்தில் கட்டினார், வாய் நீரோட்டத்துக்கு எதிராக இல்லாமல் ஓட்டம் போகிற திசையில். மணல் அடியோடு உருண்டு வரும், இலை எதிர்முகத்தில் அப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் இதுவே மருந்து. காசு பேச்சு எடுத்ததும் நடையைக் கட்டிவிட்டார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அவருடையது. மலேசியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் எங்களிடம் ஒரு நாளும் எந்த ஊர் என்று கேட்டதில்லை.

எங்களைத் தங்கவைத்த அக்காவுக்கும் நன்றி. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டிய தகவல் படிவம் (பழைய பெயர் சி படிவம்) லாட்ஜுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சொந்த வீட்டில் தங்கவைத்தாலும் உண்டு. கரண்ட் வந்ததும் அவர் செய்த முதல் வேலை அதுதான். தொட்டிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் தொடாதீர்கள் என்று காட்டிக் கொடுத்த நர்ஸ் அம்மா, மின்வாரிய லைன்மேன்கள், பஜார் மருந்துக்கடைத் தம்பி, கேன் கேனாகத் தண்ணீர் சுமந்த ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார் எல்லோருக்கும் சேர்த்தே வணக்கம்.

எங்களுக்கு இங்கே சொந்தமாகத் தோட்ட நிலம் இல்லை. ஆக எங்கள் ஓஸ் போகிற ஒவ்வோர் அடியும் உங்கள் தேயிலைக்குள்தான் போகிறது. கவாத்து வெட்டும்போது அதை ஒதுக்கி வைத்து வெட்டுகிறீர்கள். இத்தனை நாள் இதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதுகூட இல்லை.

டியூப் கட்டு வெயிலில் வெடித்துவிடும், ஒரு கோடைக்குத் தாங்கினால் அதிகம். அடுத்த ஆனிக்குள் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு டீ (T) இணைப்பும் காற்றை விட அரை இஞ்ச் வால்வும் எங்கள் செலவில் போட்டுவிடுகிறோம். மழைக்காலம் முழுக்க ஓடைமுனை வலையைக் கழுவுவது இனி எங்கள் முறை. இந்த ஞாயிறு காலை ஏறுகிறோம். கூட வருகிறவர்கள் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனை அந்தப் பக்கம் நிற்பதாகக் கேள்விப்பட்டால் முந்தின நாளே ஒரு போன் போட்டுவிடுங்கள், வேறு நாள் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஆற்றோரத்து வாடகை வீட்டுக்காரர்கள்