நாகூர் கந்தூரி: பத்தாம் இரவு எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பாதுஷாவின் கந்தூரி (ஆண்டு நினைவு விழா) வரும்போதெல்லாம் ‘பிறை 10இல்’, அதாவது சந்திர மாதத்தின் பத்தாம் நாளில், ‘சந்தனம் பூசுதல்’ என்று செய்தி போடுகிறீர்கள். வெளியூர்க்காரர்களைத் தடுமாற வைப்பது இந்த ஒரு வரிதான். ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) நாள் நள்ளிரவில் மாறுவதில்லை; மஃரிபு வேளையில், சூரியன் மறைந்ததும் மாறுகிறது. இரவு முதலில், பகல் பிறகு. ஆக, கந்தூரி நடக்கும் ஜமாதுல் ஆகிர் மாதத்தின் பத்தாம் இரவு என்பது ஒன்பதாம் பிறைப் பகல் முடிந்ததும் தொடங்கும் இரவு. பத்தாம் பிறைப் பகல் கழிந்து, மாலையில் நாகூர் வந்து இறங்குபவருக்குச் சந்தனக்கூடு ஊர்வலமும் இல்லை, சந்தனமும் இல்லை. அன்று விடிவதற்கு முன்பே ரவுலா ஷரீபில் (மகானின் அடக்கத்தலத்தில்) பூசி முடித்திருப்பார்கள்.

கணக்கு எளிது. மாதப் பிறை கண்டு விழாக் கொடியேறும் மாலையிலிருந்து 9 நாள் தள்ளி எண்ணுங்கள். திங்கள் மாலை கொடி ஏறினால், மறுவாரம் புதன் இரவு நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்படும். வியாழன் அதிகாலையில் சந்தனம். ஆனால் கொடியேற்றமே பிறையைப் பொறுத்தது. முந்தைய மாதமான ஜமாதுல் அவ்வல் 29ஆம் நாள் மாலை பிறை தென்பட்டால் அன்றே. இல்லையேல் 30 ஆக நிறைவு செய்து மறுநாள். ரயிலில் முன்பதிவு செய்பவர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும்படி திட்டமிடுவது நல்லது. சென்ற ஆண்டுத் தேதியை நம்பவே கூடாது: சந்திர ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான், கந்தூரி ஆண்டுதோறும் 10, 11 நாள் முந்தி வரும்.

இது வெறும் தேதிக் கணக்கு அன்று. குவாலியர் சூஃபி ஞானி முஹம்மது கவுஸிடம் பயிற்சி பெற்ற அந்த மகான், நாகூரை அடுத்த வாஞ்சூரில் சில்லா இருந்தவர். சில்லா என்பது 40 நாள் தனித்திருந்து, உணவையும் உறக்கத்தையும் குறைத்துச் செய்யும் திக்ரு (இறை நினைவு). மூஸா நபிக்கு விதிக்கப்பட்ட 30 இரவுகளோடு 10 சேர்த்து 40 ஆக்கியதைக் குர்ஆன் (7:142) சொல்கிறது. அங்கும் எண்ணப்படுவது இரவுகளே. தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கரின் நோய் தீர்த்த கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த 40 நாள் பயிற்சியைப் பற்றி எழுதுவோர் குறைவு. இது பெருங்குறை.

அடுத்த கந்தூரிச் செய்தியில் பிறை எண்ணோடு நிறுத்தாமல், ‘புதன் இரவு, வியாழன் அதிகாலை’ என்பதுபோல் கிழமையும் பொழுதும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாகூர் வாசகர்கள்