காய்ந்த 22 கிலோ

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தலவாக்கலையில் நாலு நாளாக மழை விடவில்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு நனைந்துதான் அம்மா மலையிலிருந்து வருகிறாள்.

போனில் நீ அழுததிலிருந்து எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. பிரித்தெடுக்கும் முறைகள் பாடத்தில் புள்ளி குறைந்துவிட்டது, இது எனக்கு வராது அப்பா என்றாய். எங்கே பிழை விட்டாய் என்று கேட்டேன். ஈரச் சதவீதக் கணக்கில் என்றாய். அது அப்பா தினமும் செய்கிற வேலை, மகள். எழுதினால் நிதானமாகப் பார்ப்பாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

100 கிலோ தேயிலைக் கொழுந்து எங்கள் ஸ்டோருக்கு, அதுதான் தேயிலைத் தொழிற்சாலைக்கு, வருகிறது என்று வை. அதில் 78 சதவீதம் தண்ணீர். இரவெல்லாம் காற்று விட்டு வாட்டி, 55 சதவீதத்துக்கு இறக்குகிறோம். எத்தனை கிலோ தண்ணீர் போனது? 78இல் 55 போனால் 23 என்று கை தானாக எழுதும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்டோரில் தேயிலை செய்வதைப் பொறுப்பாகப் பார்க்கும் டீமேக்கர் ஐயாவிடம் அதைத்தான் சொன்னேன். ஆனால் அந்த 55, வாடின இலையின் நூற்றில் 55. பச்சைக் கொழுந்தின் நூறு வேறு, வாடினதின் நூறு வேறு. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கக் கூடாது.

தண்ணீரை விடு, காய்ந்த பொருளைப் பிடி. அது 22 கிலோ. தட்டில் கிடந்தாலும் ரோலரில் நசுங்கினாலும் ட்ரையருக்குள் போனாலும் அந்த 22 கணக்கில் அப்படியே நிற்கும். வாடின இலையில் அது நூற்றுக்கு 45 பங்கு. 22ஐ 0.45ஆல் வகுத்தால் 49 கிலோ. ஆக, போன தண்ணீர் 51 கிலோ! ட்ரையரில் 3 சதவீதத்துக்கு வந்ததும் 22.7 கிலோ மிஞ்சும். அங்கே போவது 26 கிலோதான். விறகு எரிவது அந்த 26க்கு. அதைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை வெறும் காற்றே வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு கிலோ காய்ந்த பொருளுக்கு எத்தனை கிலோ தண்ணீர் என்று எழுதிப் பழகு. வாட்டும்போது அது 3.55இல் தொடங்கி 1.22இல் நிற்கும். அப்படி எழுதினால் தாராளமாகக் கழிக்கலாம். வித்தியாசத்தை 22ஆல் பெருக்கிப் பார், அதே 51 வரும்.

தீபாவளிக்கு வந்தபோது கலண்டரின் பின்பக்கம் நீ வரைந்த படிக்கட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கலவையைக் காய்ச்சி வடித்துப் பிரிக்க எத்தனை படி வேண்டும் என்று கோடு போட்டுக் கண்டுபிடிக்க, மக்கேப், தீலே என்ற இருவர் 1925இல் சொன்ன முறை என்றாய். இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைத்ததும் அதே வருஷம்தான் என்று நான் சொன்னேன், நினைவிருக்கிறதா? கோடுகள் நெருங்க நெருங்கப் படி சிறுத்துவிடும், தண்ணீர் கலந்த எத்தனோலை, அதுதான் மதுசாரத்தை, காய்ச்சிக் காய்ச்சி வடித்து எடைக்கு 95.6 சதவீதம் வந்ததும் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும், அதற்குமேல் வைக்கப் படியே இல்லை என்று காட்டினாய். எனக்கு உடனே வாட்டுற இடத்தில் தொங்கும் இரண்டு தெர்மோமீட்டர்தான் ஞாபகம் வந்தது. ஒன்று சும்மா இருக்கும், மற்றதின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். நல்ல வெயிலில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் காட்டும், இலை வேகமாக வாடும். இந்த மழையில் ஒரு பாகைகூடக் காட்டாது. விடிய விடிய விசிறி ஓடினாலும் கொழுந்து அப்படியே கிடக்கும், காற்றைச் சூடாக்கி விட்டால்தான் ஈரத்தை வாங்கும். உன் படிக்கட்டுக்கும் எங்கள் காற்றுக்கும் வேண்டியது அந்த இடைவெளிதான். எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் இடைவெளி எங்கே, எவ்வளவு என்று பார்.

இடைவெளி இருந்தும் பிரியாத இடமும் உண்டு. அதில் அப்பா அடிபட்டிருக்கிறேன். நீ பிறக்காத காலம், இரவு வேலை. கொழுந்து குவிந்துவிட்டது, சீக்கிரம் முடிக்கலாம் என்று ட்ரையர் சூட்டைக் கூட்டிவிட்டேன். வெளியே வந்த தூளைக் கையில் அள்ளினால் மொறுமொறு என்றிருந்தது. காலையில் டீமேக்கர் ஐயா ஒரு துணுக்கை நகத்தால் உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். மேலே ஓடுபோலக் கறுத்து இறுகியிருந்தது, உள்ளே பச்சை ஈரம். இலையின் மேல்தண்ணீர் உடனே போகும், உள்ளே இருப்பது மெல்ல மெல்ல ஊறித்தான் மேலே வர வேண்டும். மேல்தோலை அவசரமாகக் காயவைத்தால் அதன் வழி அடைபட்டுவிடும். பெட்டியில் வைத்த பத்து நாளில் அந்தத் தூள் பூஞ்சை வாடை வீசியது. உலர்த்தும் வேகம் முதலில் ஒரே சீராகவும் பிறகு குறைந்துகொண்டும் போகும் என்று உன் புத்தகத்தில் ஒரு வளைகோடு இருக்குமே, அதன் சரிகிற பக்கத்தில் நின்றுதான் அன்றைக்கு நான் தோற்றேன். அந்த இடத்தை நீ நன்றாகப் படி.

அரைக் கிலோ தூள் அனுப்புகிறேன். நீ படிக்கிற மொறட்டுவையில் கடல்காற்று, பையை வெட்டியதும் டின்னில் கொட்டி இறுக மூடு. 3 சதவீத ஈரத்தில் இருக்கிற இந்தத் தூள் 7 சதவீதத்துக்கு ஏறிவிட்டால் எத்தனை கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று போட்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு. 20 என்று சொல்லாதே, மகள்.

அன்புடன்,
அப்பா