பழைய தேக்குக்கு எந்த பிட்?

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் அளவெல்லாம் மறந்துபோகும், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

கணினி சொன்னபடி மரம் செதுக்கும் உன் சி.என்.சி. மெஷினில் நீ வெட்டிய தாமரைப் பலகையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழ் விளிம்பெல்லாம் சிலும்பி நிற்கிறது. பள்ளத்துக்குள் ஓரம் கருகியிருக்கிறது. மெஷின் சரியில்லை என்று மனசை விட்டுவிடாதே ஆத்தா. முதல் குறை பிட்டில், அதாவது சுழன்று வெட்டும் அந்த முனையில்; இரண்டாவது நீ அதை ஓட்டிய வேகத்தில்.

நீ போட்டது அப்கட் பிட். அதன் முறுக்கு சீவலை மேலே இழுத்துத் தள்ளும். ஆழமான பள்ளத்துக்கு நல்லது, தூள் தேங்காது. ஆனால் மேல்முகத்து நாரையும் சேர்த்துத் தூக்கிவிடும். பார்க்கிறவர் கண்ணில் படுவது மேல்முகம் என்றால் டவுன்கட் போடு. நாரை அழுத்திக்கொண்டே வெட்டும், விளிம்பு சுத்தமாக நிற்கும். தூளைப் பள்ளத்துக்குள்ளேயே திணிக்கும் என்பதால் ஒரே இறக்கில் ஆழம் போகாதே. 3 மி.மீ. பிட்டுக்குத் தேக்கில் ஒரு தடவைக்கு 1 மி.மீ. போதும்.

கருகியதற்குக் காரணம், பயந்து மெதுவாக ஓட்டியது. பிட் மரத்தைச் சீவ வேண்டும், தேய்க்கக் கூடாது. நிமிடத்துக்குச் சுற்று 12,000, பிட்டில் வெட்டுவாய் 2, நிமிடத்துக்கு 1,200 மி.மீ. நகர்ந்தால் ஒவ்வொரு வாயும் 0.05 மி.மீ. சீவும். நீ சொன்ன 300-இல் 0.0125 தான் வரும். அது சீவல் இல்லை, மாவு. சூடு பிட்டிலேயே தங்கி வாய் மழுங்கிவிடும். மெஷினை நிறுத்திவிட்டு, விழுந்த தூளை விரலில் எடுத்து நசுக்கிப் பார். துருவலாக உதிர்ந்தால் சரி. மாவாக அப்பினால் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டு. மெஷின் அதிர்ந்தால் சுற்றைக் குறை.

தேக்கு மற்ற மரம் மாதிரி இல்லை. அதற்குள் மணல் சத்து உண்டு, சிலிக்கா என்பார்கள். என் உளியை வாகைக்குத் தீட்டுவதைவிடத் தேக்குக்கு அடிக்கடி தீட்டியிருக்கிறேன். அதனால் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். என்கிற எஃகு பிட் வேண்டாம், அதைவிடக் கடினமான கார்பைடு வாங்கு. கார்பைடு வெகுநாள் கூர் தாங்கும், ஆனால் கண்ணாடி மாதிரி, தட்டினால் தெறிக்கும். முனீஸ்வரன் கோவில் தெருவில் நீ ஆசையாக வாங்கிப்போன துண்டு ஏதோ இடித்த வீட்டு வாசல் நிலை. ஒரு தடவை அப்படிப்பட்ட பர்மா தேக்கு நிலையில் கஜலட்சுமிக்கு யானைத் தும்பிக்கை செதுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே தலை ஒடிந்த பழைய ஆணி. உளி வாயில் அரிசி அளவு சில்லு போய்விட்டது. தீட்டி எடுக்க ஒரு பகல் ஆனது. உன் பிட்டை வீட்டில் தீட்ட முடியாது, உடைந்த முனை முகத்துக்குத்தான் பறக்கும். மரத்தை மெஷினில் ஏற்றுமுன் காந்தத்தை நாலு பக்கமும் ஓட்டு. பித்தளை ஆணி காந்தத்துக்கு அகப்படாது, அதைக் கண்ணால்தான் தேட வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மெஷின் பக்கம் போகாதே.

முப்பது பிட் பெட்டியை மலிவாகக் கண்டால் கை வைக்காதே. நல்லதாக நாலு போதும். அப்கட் ஒன்று, டவுன்கட் ஒன்று, எழுத்துக்கு நுனி கூரான 60 டிகிரி வி-பிட் ஒன்று, இதழ் வளைவுக்கு நுனி உருண்டு கூம்பாக ஏறும் டேப்பர்டு பால்நோஸ் ஒன்று. இந்தக் கடைசி பிட்டுக்குக் காசு பார்க்காதே. நுனி 1 மி.மீ. இருந்தாலும் அடி தடித்திருப்பதால் எளிதில் ஒடியாது. முதலில் பெரிய பிட்டால் பள்ளத்தைக் கழித்துவிட்டு, இதை நுனி அளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மி.மீ. தள்ளித் தள்ளி ஓடவிடு. நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். உப்புத்தாள் வேலை மிச்சம்.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டிலிருந்து அதைத் தேவைக்கு மேல் வெளியே நீட்டாதே. நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். 3.175 மி.மீ. தண்டுக்கு 3.175 காலெட், 3-க்கு 3-தான். மாட்டுமுன் காலெட்டில் தூள் இருந்தால் துடைத்துவிடு.

அம்மா சீப்புச் சீடை சுட்டிருக்கிறாள். அந்தப் பார்சலிலேயே நாலு வாகைத் துண்டும் ஒரு காந்தமும் வைக்கிறேன். புது பிட்டை முதலில் வாகையில் ஓட்டிப் பார்த்துப் படம் அனுப்பு. அந்த நிலையை அப்புறம் எடுக்கலாம்.

அன்புடன்,
அப்பா